கேன் நைனாவின் நெஞ்சுவலி

அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் கேன் நைனாவுக்கு நெஞ்சு வலிக்காத ஆஸ்பத்திரியே கிடையாது. ஒரே மாதத்தில் ஒன்பது ஆஸ்பத்திரிகளில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்த மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். ஒன்பது இடத்திலும் படுத்தார். ஒன்பது இடத்திலிருந்தும் எழுந்து வந்து, அன்றைக்கே மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் கேன் தூக்கினார். அத்தனை வலியும் என் மகளுக்காக. அதனாலேயே அந்த ஆளைக் கண்டால் எனக்கு வயிறு எரிந்தது.

அண்ணனூரில் ரயில் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் தெரு. தெருவுக்கே தண்ணீர் கேன் போடுகிறவர் நைனா. அறுபதை ஒட்டிய வயது. பழைய மொபெட்டில் முன்னால் இரண்டு, பின்னால் நான்கு கேன்களைக் கட்டிக்கொண்டு, நடுவில் தானும் ஒரு கேன் மாதிரி உட்கார்ந்து வருவார். எங்கள் தெரு மட்டுமல்ல, சுற்றுவட்டாரத்து ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், காலேஜ் எல்லாவற்றுக்கும் அவர்தான் தண்ணீர்.

நானோ ஆபீஸ் ஆள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் இருபத்திரண்டு வருஷம். ரேஷன் கார்டு, பட்டா, வாரிசு சான்றிதழ் என்று தெருவில் யாருக்கு எந்த மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அப்பேர்ப்பட்ட நான் வீட்டில் வாயைத் திறந்தால், மகள் பவித்ரா போனைப் பார்த்துக்கொண்டே "ம்" என்பாள். நைனா வந்து "இன்னா பாப்பா, மூஞ்சி டல்லா கீது?" என்று கேட்டால் போதும், போன் கீழே போய்விடும். கேன் மாற்ற இரண்டு நிமிஷம். அவர் இருபது நிமிஷம் இருப்பார். என் மனைவி மல்லிகா அவருக்குக் கேட்காமலே டீ கொடுப்பாள். எனக்குக் கேட்டால்தான் வரும், அதுவும் ஆறிப்போய்.

ஒரு நாள் காலை கேனைக் கவிழ்த்துவிட்டு நைனா என்னிடம் சொன்னார்: "சார், பாப்பா நர்ஸுக்குப் படிக்கணும்னு சொல்லிகினு கீது. எங்கனா விசாரிச்சீங்களா?"

என் மகளுக்கு அப்படி ஓர் ஆசை இருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும்.

"விசாரிச்சிட்டுத்தான் இருக்கேன்" என்று கூசாமல் பொய் சொன்னேன். அவர் போன பிறகு மகளைப் பிடித்துக்கொண்டேன். "ஊரெல்லாம் சொல்லத் தெரியுது, என்கிட்ட சொல்லத் தெரியலையா?"

"உன்கிட்டதான்ப்பா முதல்ல சொன்னேன். நீ எனக்கு பி.காம். ஃபார்ம் நிரப்பிட்டு இருந்த. 'தள்ளி நில்லு, வெளிச்சம் மறைக்குது'ன்ன."

பெற்ற தகப்பனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தப் பெண்ணுக்கு நர்சிங் சீட் வாங்கிக் கொடுத்தால் அது நானாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். தண்ணீர் போடுகிறவர் தண்ணீர் போடட்டும்.

பவித்ரா பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப். நாலு வருஷ நர்சிங் டிகிரிக்கு உயிரியல் வேண்டும், தனியாரில் கேட்கிற கட்டணத்துக்கு எங்கள் வீட்டையே விற்க வேண்டும். ஏ.என்.எம். என்று இரண்டு வருஷ நர்சிங் படிப்பு ஒன்று இருக்கிறது. எந்த குரூப் படித்தவர்களும் சேரலாம். இதை நானே கண்டுபிடித்தேன். நைனா சொல்வதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கண்டுபிடித்தேன் என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

பிறகு விளம்பரத் தாள்களாகச் சேகரித்தேன். பதினான்கு சேர்ந்தது. பதினான்கிலும் ஒரே பெண் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு சிரித்தாள். அதில் ஆவடியைத் தாண்டி இருந்த ஒரு நிறுவனம் எனக்குப் பிடித்துப்போயிற்று. பெயர் வேண்டாம். கண்ணாடிக் கதவு, ஏ.சி. வகுப்பறை, பக்கத்திலேயே சொந்த ஆஸ்பத்திரி. அங்கிருந்த மேடம் என்னைப் பத்து நிமிஷத்தில் நாற்பது தடவை 'சார்' என்றார். வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிடாததாலோ என்னவோ, உருகிவிட்டேன். "அங்கீகாரம் வந்துக்கிட்டே இருக்கு சார்" என்றார். வந்துகொண்டிருப்பது எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. சீட்டை உறுதி செய்ய ஒரிஜினல் சான்றிதழ்கள் வேண்டும் என்றார். மகளின் மதிப்பெண் பட்டியல், டி.சி. எல்லாவற்றையும் எடுத்து நீட்டிவிட்டு, ஒரு ரசீதை வாங்கிக்கொண்டு ஜம்மென்று வீட்டுக்கு வந்தேன்.

"நைனாகிட்ட ஒரு வார்த்தை கேட்டியாப்பா?" என்றாள் பவித்ரா.

நான் கேட்கவில்லை. மறுநாள் அவராகவே சொன்னார். "அங்கியா சார்? அங்க ஆஸ்டல்ல அம்பது புள்ளைங்க கீதுன்னு போர்டு வெச்சிகினு கீறாங்க. வாரத்துக்கு மூணு கேனுதான் எறக்கறேன். அம்பது புள்ளைங்களுக்கு மூணு கேனு பத்துமா?"

"ஃபில்டர் வெச்சிருப்பாங்க."

"ஃபில்டர் வெச்சிருந்தா அந்த மூணு கேனு எதுக்கு சார்?"

கேள்வி நியாயமாக இருந்தது. அதனால் கோபம் வந்தது. "கேன் கணக்குல எல்லாம் காலேஜ் சேர்க்க முடியாது நைனா" என்றேன்.

"அதுவும் கரெக்ட்டுதான்" என்று தலையைச் சொறிந்தார். "படுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

அப்படித்தான் நெஞ்சுவலி ஆரம்பமானது. நர்சிங் பள்ளியோடு சேர்ந்த ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் கேனை இறக்கிவிட்டு, அதே வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவார். பயிற்சிக்கு வந்த பெண்கள்தான் முதலில் ஓடி வருவார்கள். படுத்தபடியே அவர்களிடம் பேட்டி எடுப்பார். "எத்தினி மாசமாச்சும்மா சேந்து? ஊசி போட்டுகிறியா, இல்ல பொம்மைக்கு மட்டுந்தானா? ஆஸ்டல்ல சோறு எப்பிடி?"

ஓரிடத்தில் பயிற்சிப் பெண், இவர் முனகியதைப் பார்த்து இவரைவிடச் சத்தமாக அழுதுவிட்டாள். நைனா எழுந்து உட்கார்ந்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்றினார். இன்னோரிடத்தில் டாக்டர், "யோவ், காலைல எங்களுக்குத் தண்ணி போட்டவன்தானே நீ?" என்று அடையாளம் கண்டுகொண்டார். வேறோரிடத்தில் நிஜமாகவே ஐ.சி.யு.வுக்குத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தார்கள். பாத்ரூம் ஜன்னல் வழியாக வந்துவிட்டார். அன்று எங்கள் வீட்டில் அவர் கேன் கவிழ்த்தபோது, சட்டைக்குள் ஈ.சி.ஜி. ஸ்டிக்கர்கள் தெரிந்தன. பவித்ரா விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக உரித்து எடுத்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்று மல்லிகாதான் சொன்னாள்.

ஒன்பதாவது ஆஸ்பத்திரி பூந்தமல்லி போகிற வழியில், ஒரு அறக்கட்டளை நடத்துவது. சுவரில் பெயிண்ட் உரிந்திருக்கும். விளம்பரத் தாள் கிடையாது. விண்ணப்பம் வேண்டுமென்றால் மருந்துக் கடைக்குப் பக்கத்தில் இருக்கும் ஜன்னலில் கேட்க வேண்டும். அங்கே போய்ப் படுத்துவிட்டு வந்த நைனாவின் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"சார், நம்ம புள்ள படிக்க வேண்டிய எடம் அதான்."

அந்த 'நம்ம' என் காதில் முள்ளாகக் குத்தியது. "ஏன், அங்க எத்தனை கேன் போடறீங்க?" என்றேன் கிண்டலாக.

"ஒரு நாளிக்கு பன்னெண்டு. அது கெடக்கட்டும். எட்டு ஆஸ்பத்திரிலயும் எனக்கு பிரஷர் பாத்தாங்க சார். எட்டு பேரும் நூத்தி இருவதுக்கு எம்பதுன்னு எழுதினாங்க. ஒருத்தி கையில பட்டையைக் கட்டாமலே எழுதினா. இந்தப் பொண்ணு ரெண்டு தபா பாத்திச்சி. 'தாத்தா, உங்களுக்கு நெஞ்சுவலி கெடையாது, சும்மா நடிக்கிறீங்க. ஆனா நூத்தி எழுவது கீது, வெளாட்டு இல்ல, மாத்திரை சாப்பிடணும்'னு புடிச்சி ஒக்கார வெச்சிட்டா. பெரிய சிஸ்டரைக் கூட்டியாந்து காட்டினா. எனுக்கு மெய்யாலுமே பிரஷர் கீதுன்னு இத்தினி நாளா எனுக்கே தெரியாது!"

நோய் இருப்பது தெரிந்து இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை. பள்ளிக்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று நானே போய் விசாரித்தேன். இருந்தது. வருஷக் கட்டணம் என் சம்பளத்துக்குள் அடங்கியது. ஒரு குறையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று ஹாஸ்டல் சாம்பார் வரைக்கும் விசாரித்தேன். சாம்பாரும் சுமார் ரகத்துக்கு மேலேதான். ஜன்னலில் இருந்தவர் சொன்னார்: "வெள்ளிக்கிழமை கடைசி நாள் சார். ஒரிஜினல் இல்லாம வாங்க மாட்டோம்."

ஒரிஜினல் ஆவடிக்கு அப்பால் ஏ.சி.யில் இருந்தது.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தவம் கிடந்தேன். மேடம் இப்போது ஒரு 'சார்' கூடப் போடவில்லை. "முழு கோர்ஸ் ஃபீஸையும் கட்டிட்டு சர்டிபிகேட்டை எடுத்துட்டுப் போங்க." மூன்று பக்கத்தில் மனு எழுதிக் கொடுத்தேன். தெருவில் எத்தனையோ பேருக்குப் பட்டா வாங்கித் தந்த கை. மேடம் அதை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் வைத்தார். வீட்டில் பவித்ரா போனையும் பார்க்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. போனையும் பார்க்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ஒரு வருஷத்தை நான் அந்த மேடத்தின் மேஜைக்குள் பூட்டி வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வியாழக்கிழமை மறுபடி போனால், அந்த நிறுவனத்தின் ஆஸ்பத்திரி வார்டில் ஒரே கூட்டம். எல்லா பெட்டிலும் நோயாளிகள். உற்றுப் பார்த்தால் எல்லாம் தெரிந்த முகம். எங்கள் தெரு இஸ்திரிக்காரர் கையில் கட்டோடு படுத்திருந்தார். பக்கத்து பெட்டில் காய்கறி வண்டிக்காரர். அன்று அங்கீகாரத்துக்காக இன்ஸ்பெக்‌ஷன். வார்டு காலியாக இருந்தால் அங்கீகாரம் கிடைக்காது என்று, அண்ணனூர் வரைக்கும் வந்து, ஆளுக்கு ஒரு பிரியாணி பேசி, கிடைத்தவர்களையெல்லாம் கூட்டிப் போய் படுக்க வைத்திருக்கிறார்கள். வாசலை ஒட்டிய முதல் பெட்டில், மூக்கில் குழாயோடு கேன் நைனா.

"இன்னா சார், வந்துகினீங்களா?" என்று கண்ணடித்தார். "சும்மா படுத்துகினு இருந்தவனை சம்பளம் குட்த்து படுக்க சொல்றாங்க சார்!"

ஜீப் வாசலில் வந்து நின்றது. மேடம் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ஓடி வந்தார். நைனா சட்டென்று எழுந்து உட்கார்ந்து மூக்குக் குழாயைப் பிடுங்கினார்.

"மேடம், இந்த சார் பொண்ணோட சர்டிபிகேட்டு என் கைக்கு வந்தா எனுக்கு நெஞ்சுவலி. வரலைன்னா இங்க யாருக்கும் ஒடம்பு செரியில்லாம இல்ல."

"தாத்தா, ப்ளீஸ், படுங்க. அப்புறம் பேசலாம்."

"அப்பாலிக்கு எனுக்கு தண்ணி போடற லைன் கீது."

இஸ்திரிக்காரர் கட்டை அவிழ்க்க ஆரம்பித்தார். மேடம் ஓடினார். ஒரு நிமிஷத்தில் உறை வந்தது. நைனா அதை என் கையில் கொடுத்து, "எல்லாம் கீதான்னு பாருங்க சார்" என்றார். எல்லாம் இருந்தது. மூன்று நாள் நின்று, மூன்று பக்கம் எழுதி நான் வாங்க முடியாததை அந்த ஆள் படுத்துக்கொண்டே வாங்கிவிட்டார்.

இன்ஸ்பெக்‌ஷன் அதிகாரி முதல் பெட்டுக்கு வந்து, "என்ன பெரியவரே, என்ன பண்ணுது?" என்றார்.

நைனா ஒரு வினாடி மேடத்தைப் பார்த்தார். "ஒண்ணியும் பண்ணலை சார். தண்ணி போட வந்தேன். பெட்டெல்லாம் எப்பவும் காலியாதான் கெடக்கும், செத்த நேரம் படுத்துகினேன்."

பிரியாணி போனதுக்கு இஸ்திரிக்காரர் இன்றுவரை அவரோடு பேசுவதில்லை.

வெள்ளிக்கிழமை பவித்ராவை நேர்காணலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நைனா எங்களுக்கு முன்னாலேயே வந்து, இஸ்திரி போடாத வெள்ளைச் சட்டையில், வேப்ப மரத்தடியில் மொபெட்டோடு நின்றிருந்தார். உள்ளே பெரிய சிஸ்டர் மகளிடம் கேட்டார்: "எதுக்கும்மா நர்ஸ் ஆகணும்?"

"எங்க தெருவுல நைனான்னு ஒருத்தர் இருக்காரு சிஸ்டர். பிரஷருக்கு மாத்திரை போடச் சொன்னா, நாளைக்கு நாளைக்குன்றாரு. யூனிஃபார்ம் போட்டுக்கிட்டுச் சொன்னா கேப்பாரு."

எனக்கு இரண்டு வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது. அதே வீட்டில்தான் இருக்கிறேன். என்னையும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் சிஸ்டர் சிரித்துவிட்டார், சீட் கிடைத்துவிட்டது. மகள் என் கையைப் பிடித்து நசுக்கினாள். சின்ன வயதில் ஊசி போடும்போது பிடித்தது. அதற்குப் பிறகு இப்போதுதான்.

ஹாஸ்டலுக்கு ஒரு அட்டை கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை வந்து பார்க்க, பெற்றோர் தவிர இன்னும் ஒரே ஒருவருக்குத்தான் அனுமதி. நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும். முகப்பேரில் என் மச்சான் இருக்கிறார். அவர் பெயரை எழுதாவிட்டால் மல்லிகா வீட்டில் பெரிய பிரச்சினை ஆகும். பேனாவைத் திறந்தேன். பவித்ரா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே நைனா, ஹாஸ்டல் பிள்ளைகளுக்குக் கோடைக்காலத்தில் பன்னிரண்டு கேன் போதாது என்று வாட்ச்மேனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

எழுந்து போய் அவருடைய நிஜப் பெயரைக் கேட்டு வந்து எழுதினேன். உறவுமுறை என்ற இடத்தில் 'பெரியப்பா' என்று நிரப்பினேன். அண்ணன் மேல் தம்பிக்குக் கொஞ்சம் பொறாமை இருந்தால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.