செவ்வாய்க்கு இரண்டு துண்டு

முன்னேற்பாடு எதுவும் செய்யாதவர்கள் சாதாரணமாகத்தான் அவமானப்படுவார்கள். ஊர் பேச அவமானப்பட வேண்டுமென்றால் என்னைப் போல ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாயிரத்தின் தொடக்கம். திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியை வேலைக்கு மாதிரி வகுப்பு எடுக்க அழைத்திருந்தார்கள். ஏற்கெனவே மூன்று பள்ளிகள் என்னைத் திருப்பி அனுப்பியிருந்தன. இதுவும் போனால், எரியோட்டில் அப்பாவின் தோட்டத்தில் தக்காளி தரம் பிரிப்பது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. (தக்காளி மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அது பி.எட். படித்தவளை மதிக்காது.)

நான் எடுத்துக்கொண்ட பாடம், செவ்வாய்க்கு இரண்டு குட்டி நிலாக்கள் வந்த கதை. ஒரு பெரும்பாறை செவ்வாயில் மோத, தெறித்த கல்லும் மண்ணும் அதைச் சுற்றி வளையமாகி, மெல்ல ஒட்டிச் சேர்ந்து நிலாக்களாயின என்று ஒரு கருத்து உண்டு. அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு பெரிய அடி வாங்கிய கிரகத்துக்குத் துணையாக இரண்டு நிலாக்களா என்று மலைத்துப்போயிருந்தேன்.

மோதலைக் காட்ட ஒரு தேங்காய். முற்றிய காயாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு அப்பாவும் கூடவே வந்து, வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டார். உள்ளே ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர். முன்வரிசையில் வெள்ளைச் சட்டையில் தாளாளர்.

தேங்காயை ஓங்கித் தரையில் அடித்தேன். மோதல் பிரமாதமாக நடந்தது. தண்ணீர் தாளாளர் சட்டையில், துண்டுகள் மூலைக்கொன்றாக. அவற்றை எடுத்து வளையமாக அடுக்குவது என் திட்டம். ஆனால் கோயில் வாசலில் சிதறுகாய் உடைத்தால் எங்கள் ஊரில் என்ன செய்வார்களோ, அதைத்தான் நாற்பது பேரும் செய்தார்கள். நான் குனிவதற்குள் அத்தனையும் பொறுக்கியாகிவிட்டது. எல்லா வாயும் மென்றுகொண்டிருந்தது. தன் காலடியில் விழுந்ததைத் தாளாளரே கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது ஜன்னலிலிருந்து அப்பா மெதுவாகச் சொன்னார்: "தாயி, பெஞ்சுக்கு அடியில ரெண்டு கெடக்கு பாரு."

மண்டியிட்டு எடுத்தேன். நகமளவு, கோணல்மாணலாக இரண்டு துண்டுகள். அவற்றை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். "செவ்வாயோட நிலாக்களும் இப்படித்தான். உருண்டைகூட இல்ல, உருளைக்கிழங்கு மாதிரி. தெறிச்சதுல முக்கால்வாசி திரும்ப அங்கேயே விழுந்துருச்சு. மிஞ்சுனது இந்த ரெண்டும்தான். இன்னும் சுத்திக்கிட்டிருக்கு." மெல்லுகிற சத்தம் நின்றுபோனது.

தாளாளர் எழுந்து வந்து துண்டுகளை உற்றுப் பார்த்தார். "அப்ப நம்ம நெலா? அதுவும் இப்படி அடிபட்டு வந்ததாம்மா?"

அப்படித்தான் சொல்கிறார்கள் என்றேன். அவர் ஜன்னல் வழியே பகல் வானத்தைப் பார்த்தார். நாற்பது பிள்ளைகளும் பார்த்தார்கள். ஒன்றுமே இல்லாத வானத்தை அத்தனை பேர் வாய்பிளந்து பார்த்ததில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. வேலையும் கிடைத்தது, இனித் தேங்காய் கொண்டுவரக் கூடாது என்ற நிபந்தனையோடு.

அப்பாதான் அந்த வகுப்பிலிருந்து மீளவே இல்லை. தோட்டத்துக்குப் பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் யார் சிதறுகாய் உடைத்தாலும், "ரெண்டு துண்ட விட்ருங்கப்பா, அது செவ்வாய்க்கு" என்று கூட்டத்தைத் தடுக்க ஆரம்பித்தார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. சில வருடங்களில், ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் உள்ள பெண்களை அழைத்துக்கொண்டு பழனிப் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். காய் உடைத்து, இரண்டு துண்டை விட்டுவிட்டுப் போகிறார்கள். கல்யாணம் கூடி வருகிறதாம்.

வீட்டுக்கு யார் வந்தாலும் என் கணவர் இன்றைக்கும் இப்படித்தான் சொல்லி என்னை அறிமுகப்படுத்துகிறார்: "இவங்க சயின்ஸ் டீச்சர். எரியோட்டுப் பரிகாரம் இவங்க கண்டுபிடிச்சதுதான்."