ரோக்காசெல்வாவில் நாற்காலி வென்ற படலம்

வாழ்க அவன் வழுக்கை! வாழ்க அவ்வழுக்கையின்மேல் வீற்றிருக்கும் வைக்கோல் தொப்பி! பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாம் கியரிலேயே ஏறிக் கடந்த ஏந்தல், ஓர் ஆட்டு மந்தைக்கன்றி வேறெவருக்கும் வழிவிடாத வணங்காமுடி, அடிவாரத்து ஊரில் ஒழுகும் குழாய்களை எல்லாம் அடக்கியாண்ட குறடேந்து தடக்கையன் ஒத்தாவியோ வாழ்க, வாழ்க! நிலநடுக்கத்திலிருந்து இம்மலைகளைக் காக்கும் புனித எமீதியோவே, அவன் போர்த்திறம் பாடப் புகுந்த என் நாவும் நடுங்காதபடி காப்பாயாக!

போருக்குக் காரணம் அவன் இல்லக்கிழத்தி எர்சீலியா. மணமாகி வந்த நாள்முதல் இருபத்தைந்து ஆண்டுகளாக, பாத்திரம் கழுவும்போதெல்லாம் சமையலறைச் சன்னல் வழியே மலையுச்சி ஊரான ரோக்காசெல்வாவின் கோட்டையைப் பார்த்தே தேய்ந்தவள் அவள். ஒருநாள் கூட்டிப்போகிறேன் என்று தலைவன் தந்த வாக்கு ஓராண்டு மழையிலும், ஓராண்டு கால்பந்திலும், ஏனைய ஆண்டுகள் சோம்பலிலும் கரைந்தது. இன்றோ மணநாள் வெள்ளிவிழா, அதுவும் ஞாயிறு. காரில் ஏறும்போதே அவள் தன் படைக்கலத்தை உருவிக் காட்டியிருந்தாள்.

“நல்லா கேட்டுக்க ஒத்தாவியோ. இன்னிக்கும் கோட்டைக்குள்ள கால் வைக்காம திரும்பினோம்னா, இனிமே ஞாயித்துக்கிழமை உங்கம்மா வீட்டுச் சாப்பாட்டுக்கு நீ தனியாத்தான் போவ.”

அஞ்சாத நெஞ்சன் அஞ்சினான். மருமகள் எங்கே என்னும் ஒரே கேள்வியைச் சூப்பில் தொடங்கி, பாஸ்தா வழியாக, கறி முடியும்வரை தாங்கி நின்ற மைந்தன் அம்மலைத்தொடரில் அதுவரை பிறந்ததில்லை.

பதினோரு மணிக்குக் கோட்டை திறக்கும். பத்து ஐம்பதுக்கு, முகில்தொடு கோபுரமும் புறா உறை மதிலும் உடைய அக்கோட்டையின் வாசலில் அவன் தேர் வந்து நின்றது. ஆங்கே, மதிலுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே, அவ்வூர் முழுவதற்கும் ஒன்றே ஒன்றாய் ஒரு கார் நிற்குமளவு இடம் இருந்தது. அதை விட்டால் கீழே பேருந்து நிற்குமிடத்தில் நிறுத்திவிட்டு முந்நூறு படி ஏற வேண்டும். எர்சீலியா புதுச் செருப்பு போட்டிருந்தாள்.

ஆனால் அந்தோ! அவ்விடத்தின் நட்டநடுவே தன்னந்தனியே நின்றது ஒரு நாற்காலி. பின்னல் பிய்ந்தது, ஒரு கால் குட்டை, மற்றொரு கால் கம்பியால் கட்டப்பட்டது, எனினும் முதுகு நிமிர்த்தி, கோட்டையே தனதென்பதுபோல் அது நின்றது. எதிரே காப்பிக்கடை வாசலில் காலை வெயில் காய்ந்திருந்த முதியவர் ஜெராசிமோ குரல் கொடுத்தார்.

“தம்பி, அங்க நாற்காலி இருக்கு!”

“இருக்கட்டுமே. மேல ஒண்ணும் வைக்கலையே!” என்றான் நாயகன்.

அவனைக் குறை சொல்வதற்கில்லை. நாற்காலி போட்டு இடம் பிடிக்கும் சாத்திரத்தில் அவனும் கரைகண்டவனே. அடிவாரத்துச் சட்டப்படி நாற்காலிமேல் தக்காளிப் பெட்டி ஒன்று இருந்தால்தான் அது இடம் பிடித்ததாகும். வெறும் நாற்காலி என்றால் முந்தின நாள் மாலை காற்றாட உட்கார்ந்தவர் எடுத்துவைக்க மறந்தது என்றே பொருள். மலைமேல் தக்காளி விளையாது என்பதும், அதனால் அங்கே வெறும் நாற்காலியே போதும் என்பதும் அவ்வீரனுக்கு யார் சொல்வார்?

இறங்கினான், இடுப்பை இறுக்கினான், இரு கையாலும் பற்றி அந்நாற்காலியை வேரொடு பெயர்ப்பான்போல் தூக்கிப் போய் மதில் நிழலில் வைத்தான். எர்சீலியா அதில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். பின்னர் அவன் முன்னே நான்கு விரற்கடை, பின்னே மூன்று விரற்கடை எனப் பதினொரு முறை சென்று மீண்டு, தொட்டியோடு மோதி, மதிலோடு உரசி, பக்கக் கண்ணாடி ஒன்றைப் பலிகொடுத்து, மாற்றார் மண்ணைத் தன் மண்ணாக்கினான்.

அவ்வேளை, வண்டெனச் சீறி வந்தது ஒரு மூன்று சக்கர வண்டி. அதை ஓட்டி வந்த பருத்த மனிதன் காரைப் பார்த்தான், நாற்காலியைத் தேடினான், அதன்மேல் ஒரு பெண்ணைக் கண்டான். அந்தக் குறுகிய முற்றத்தை மூன்று முறை வலம்வந்து முழக்கினான் தன் ஆரனை.

“எடுப்பா காரை! எனக்கு முட்டி வலி, படியேற முடியாது!”

தன் மண்ணைக் கவர வந்த பகைவன் இவன் எனத் தெளிந்த ஒத்தாவியோ, காரின் முன்பாகத்தில் ஒரு காலை வைத்து, எட்டு மலையும் எதிரொலிக்க அறைகூவினான்: “இவ்வூர் மணிக்கூண்டு சாயினும் சாயும், இந்தக் கார் ஒரு விரற்கடையும் சாயாது! நின்றது நின்றதே!”

“அப்ப நில்லு. வீட்ல ஆட்டுக்கறி ஆறுது” என்று சொல்லி, தோளைக் குலுக்கி, வண்டியைத் திருப்பி, அம்மனிதன் வந்த வழியே இறங்கி மறைந்தான்.

புறங்கண்டான் பகையை! வெற்றிமாலைக்குப் பதில் எர்சீலியாவின் கைப்பையைத் தோளில் சூடி, அவள் கைபற்றி, தொப்பி நிமிரக் கோட்டைக் கதவை அணுகினான். இரும்புக் குமிழ் பதித்த அப்பெருங்கதவு பூட்டியிருந்தது. அதில் ஒட்டிய தாளில் ஒரே வரி: ‘சாவி வெனான்சியோவிடம்.’

“பெரியவரே, யாருங்க இந்த வெனான்சியோ?”

ஜெராசிமோ காப்பியை ஒரு மிடறு குடித்தார். “இப்ப நீ யாரை விரட்டினன்னு நினைச்ச? நீ தூக்கினதே அவன் நாற்காலிதான். சாப்பிட்டுப் படுத்தான்னா நாளைக்குத்தான்.”

எர்சீலியா செருப்பை மாட்டிக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒத்தாவியோ அம்மா வீட்டுக்குத் தனியாகப் போனான்.