மூன்றாம் பாகத்துக்கு ஒரு கையொப்பம்

மனிதகுலம் நற்கதி அடையும்பொருட்டு ஏற்படுத்தப்பட்ட சங்கங்கள் பல. அவற்றுள் சாகச விளையாட்டு ரசிகர் பேரவைக்கு உரிய இடம் வரலாற்றில் இன்னும் அளிக்கப்படவில்லை. மெத்தைக் கடை ஒன்றின் மாடியில், பஞ்சுத் தூசிக்கு நடுவே இயங்கி வந்த அந்தப் பேரவை, 'பாதாள தீபம்' என்னும் கணினி விளையாட்டின் மீது பக்தி பூண்டோரின் திருக்கூட்டம் ஆகும். அந்த விளையாட்டில் ஒரு வீரன் உண்டு. அணைந்துபோன தீபம் ஒன்று உண்டு. அவன் போய் அதை ஏற்ற வேண்டும். கதை இவ்வளவே. போகும் வழி எது என்பதில்தான் பேரவை இரண்டாகப் பிளந்து கிடந்தது.

முதல் பாகத்தில் வீரன் நிலவறை நிலவறையாக இறங்குவான். ஒரு கதவு பூட்டியிருக்கும். அதன் சாவி வேறோர் அறையில் இருக்கும். அந்த அறைக்குள் நுழைய ஒரு கல்லை நகர்த்த வேண்டும். கல்லை நகர்த்துவதற்கு முன் ஒரு பூதத்தை வெல்ல வேண்டும். இரண்டாம் பாகத்திலோ பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை திறந்தவெளி. வீரன் எந்த மலையிலும் ஏறலாம், எந்த ஆற்றிலும் குதிக்கலாம், காளான் பறித்துச் சமைத்து உண்டு உறங்கலாம். தீபத்தை ஏற்றாமலே காலம் தள்ளலாம். பெரும்பாலோர் அப்படித்தான் தள்ளினர்.

முதல் பாகமே மெய்ந்நெறி என்றவர்கள் நிலவறைக் கட்சியினர். அவர்களுக்குத் தலைமை ஒரு பல் மருத்துவர். இரண்டாம் பாகமே வீடுபேறு என்றவர்கள் திறந்தவெளிக் கட்சியினர். அவர்களுக்குத் தலைமை, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்திவந்த ஓர் அம்மையார். இவ்விருவரும் கணவன் மனைவி என்பது பேரவையின் ஆண்டறிக்கையில் குறிப்பிடப்படவில்லை. அக்கம்பக்கத்தார் அதை அறிக்கையின் உதவி இன்றியே அறிந்திருந்தனர்.

"சும்மா தள்ளினா திறக்குதுன்னா அது கதவா? காத்தாட வெச்ச பலகை" என்பார் மருத்துவர்.

"உங்களுக்கு யாராவது வழி சொல்லிக்கிட்டே இருக்கணும். காய் வாங்க அனுப்பினாக்கூட எந்தக் கடைன்னு போன் பண்ற ஆளு நீங்க."

"நீ காய் வாங்கப் போனா தொப்பியோட திரும்பி வருவே."

"அந்தத் தொப்பி நல்லாதானே இருந்துச்சு?"

"நல்லாயிருந்துச்சு. அதை எப்படிச் சமைக்கிறதுன்னுதான் எனக்குத் தெரியலை."

பேரவைத் தலைவர் அந்த அம்மையாரின் தந்தை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் நெடுங்காலம் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். இரு கட்சியும் அவரை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தமைக்குக் காரணம், அவர் அந்த விளையாட்டை வாழ்நாளில் தொட்டதே இல்லை என்பதுதான். ஒரு பொருளைப் பற்றி ஒன்றும் அறியாதவரே அதில் நடுநிலை வகிக்க வல்லவர் என்னும் அரிய கோட்பாட்டைப் பேரவை பெரிய அலுவலகங்களைப் பார்த்துக் கற்றிருந்தது.

இரண்டாம் பாகம் வெளியானபோது ரசிகர்கள் அதைத் தயாரித்த நிறுவனத்துக்கு எழுதிய கடிதங்கள் எத்தன்மையவை என்பதை இங்கே விவரிப்பதற்கில்லை. அவற்றைப் பிரித்துப் படிக்க அமர்த்தப்பட்ட ஊழியர் வேலையை விட்டு விலகி, மௌனம் பூண்டார் என்று மட்டும் கூறலாம். ஆதலின் நிறுவனம் அஞ்சியது. மூன்றாம் பாகம் எவ்வாறு அமைய வேண்டும் என்று பேரவை எழுத்தில் கருத்துரை வழங்க வேண்டும், அதில் தலைவரின் கையொப்பம் இருக்க வேண்டும், அதன் பிறகே வேலை தொடங்கும் என்று அது முடிவு செய்தது.

பேரவை விவாதித்தது. விவாதத்தின் முடிவில், எப்படி விவாதிப்பது என்று விவாதித்தது. இறுதியில், வாய்ப்பேச்சால் உண்மை புலப்படாது, அனுபவமே சான்று என்று கண்டு, தன் அலுவலகத்தையே இரண்டாகப் பகுத்து இரு நெறிகளையும் நடைமுறையில் சோதிப்பதெனத் தீர்மானித்தது. படிக்கட்டுக்கு வலப்புறம் இருந்த பெரிய கூடம் திறந்தவெளி ஆயிற்று. கதவுகள் கழற்றப்பட்டன, பெயர்ப்பலகைகள் அகற்றப்பட்டன. இடப்புற அறைகள் நிலவறை ஆயின, யாவும் பூட்டப்பட்டன. கடைசி அறையில், அடைதற்கு அரிய பரம்பொருளின் நிலையில், தலைவர் அமர்த்தப்பட்டார்.

சோதனை நடந்துகொண்டிருந்த ஒரு நாள் காலையில்தான் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் அங்கே வந்து சேர்ந்தார். இரண்டு பாகங்களையும் உருவாக்கிய குழுவை நடத்தியவர் அந்தப் பெண்மணி. அன்று மாலை ஐந்து மணிக்குள் கருத்துரை வரவில்லையென்றால் அவருடைய பிரிவையே மூடிவிடுவதாக மேலிடம் தெரிவித்திருந்தது. அதன்பின் நிறுவனம், ஒரே நிறப் பழங்கள் ஒன்றுசேர்ந்தால் வெடிக்கும் விளையாட்டை மட்டுமே தயாரிக்கும். அதற்கு ரசிகர்களின் கருத்து தேவையில்லை, வடிவமைப்பாளரும் தேவையில்லை.

அவர் முதலில் வலப்புறக் கூடத்துள் நுழைந்தார். மேசைகள் விருப்பம்போல் சிதறிக் கிடந்தன. ஓர் உறுப்பினர் ஜன்னல் விளிம்பில் அமர்ந்திருந்தார்.

"கருத்துரை வாங்கிட்டுப் போக வந்தேன். யாரைப் பார்க்கணும்?"

"யாரை வேணா பாருங்க."

"யார் கொடுப்பாங்க?"

"அது தெரிஞ்சிட்டா அப்புறம் என்ன மேடம் இருக்கு? போற வழியில என் மூக்குக்கண்ணாடி கண்ணுல பட்டா எடுத்துட்டு வாங்க."

மூக்குக்கண்ணாடி ஓர் அலமாரியின் உச்சியில் இருந்தது. நாற்காலி மேல் ஏறி எடுத்துக் கொடுத்தார். உறுப்பினர் நன்றி கூறி ஒரு குண்டூசியைப் பரிசளித்தார். குண்டூசி வேறொருவருக்குத் தேவைப்பட்டது. அவர் அதற்கு ஈடாகப் பாதிப் பென்சில் தந்தார். பென்சிலைப் பெற்றுக்கொண்டவர், எதிர்க் கடையிலிருந்து தேநீர் வாங்கி வந்தால் ஒரு குடை தருவதாக வாக்களித்தார். குடையும் கிடைத்தது. உண்மையைக் கூறுவதானால், வடிவமைப்பாளருக்கு இது பிடித்துப்போயிற்று. அடுத்து எதைக் கொடுத்து எதை வாங்கலாம் என்னும் சிந்தையில், தாம் எதன்பொருட்டு வந்தோம் என்பதையே மறந்தார். தற்செயலாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபோது பிற்பகல் மூன்றரை.

பதறியடித்து இடப்புறம் ஓடினார். பூட்டிய அறைகளின் முன், நடையில், பல் மருத்துவர் கைகட்டி நின்றார். பக்கத்தில் ஒரு பூந்தொட்டி. சுவர் ஓரமாக ஓர் உயரமான பழைய கடிகாரம்.

"டாக்டர், தலைவர் கையெழுத்து உடனே வேணும். இல்லேன்னா எங்க ஆளுங்க எல்லாருக்கும் நாளைக்கு வேலை இல்லை."

"கேக்கவே வருத்தமா இருக்கு. தலைவர் கடைசி அறையிலதான் இருக்கார். எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி. தேடி எடுத்துட்டுப் போங்க."

"சாவி எங்க இருக்கு?"

மருத்துவரின் முகம், சந்நிதியில் செருப்புச் சத்தம் கேட்டவர் முகம் போலாயிற்று. "இப்படி நேரடியாவா கேப்பாங்க? முதல் பாகத்தைச் செஞ்ச கை இது! நான் சொல்லிட்டா உங்க அனுபவம் என்ன ஆகும்?"

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல் எழுந்தது. "மாப்பிள்ளை! மாப்பிள்ளை!"

"சொல்லுங்க மாமா!"

"காலையில பூட்டினது. எனக்குப் பாத்ரூம் போகணும்."

"பாத்ரூம் திறந்தவெளிப் பக்கம் போயிடுச்சு மாமா. கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

குரல் கேட்டு அம்மையாரும் வந்துவிட்டார். "என்ன விளையாட்டு இது? எங்க அப்பாவை வெளிய விடுங்க."

"உள்ள இருக்கிறது யாருன்னு சத்தமா சொல்லாதே. அது கடைசியில தெரிய வேண்டிய விஷயம்."

"அவரேதான் உள்ளேயிருந்து கத்துறாரே!"

"மாமா, கத்தாதீங்க! புதுசா வர்றவங்களுக்குச் சுவாரசியம் போயிடும்!"

"கதவை உடைங்க" என்றார் அம்மையார்.

"பேரவைச் சொத்து. உடைக்கத் தீர்மானம் போடணும். தீர்மானத்துல தலைவர் கையெழுத்துப் போடணும்."

"கொண்டுவாங்க, போடறேன்!" என்றது உள்ளிருந்த குரல்.

வடிவமைப்பாளர் மன்றாடினார். "ஐயா, கதவுக்கு அடியில காகிதத்தைத் தள்ளட்டுமா? கருத்துரையை நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தள்ளிடுங்க."

உள்ளேயிருந்து மாசற்ற பெருமிதத்துடன் பதில் வந்தது: "மேசைக்கு அடியில, கதவுக்கு அடியில வர்ற எதையும் நான் சர்வீஸ்ல ஒருநாளும் தொட்டதில்லைம்மா. பாத்ரூம் அவசரத்துல கொள்கையை விடச் சொல்றீங்களா?"

மணி நான்கரை ஆயிற்று. அம்மையார் கணவரின் சட்டைப் பைகளைச் சோதித்தார். பல் குத்தும் குச்சிகள் கிடைத்தன. மருத்துவர் அசையவில்லை. இந்நிலையில் வடிவமைப்பாளர் சுவரில் சாய்ந்து பெருமூச்செறிந்தார். அவர் விளையாட்டுகளை நன்கு அறிந்தவர். விளையாடுகிறவர்களை அதனினும் நன்கு அறிந்தவர்.

"விடுங்கக்கா" என்றார் அம்மையாரிடம். "சாவி இந்தப் பூந்தொட்டிக்கு அடியிலதான் இருக்கும். எல்லாரும் அங்கதான் வெப்பாங்க."

"பூந்தொட்டியா?" என்றார் மருத்துவர்.

"இல்லேன்னா மிதியடிக்கு அடியில. இந்த மாதிரி சின்ன வேலைக்கெல்லாம் அதுக்கு மேல யாரும் யோசிக்க மாட்டாங்க."

"மிதியடியா! என்னைப் பார்த்தா மிதியடின்னு சொல்றீங்க? அந்தக் கடிகாரத்தோட சின்ன முள்ளை எட்டுக்குத் திருப்பிப் பாருங்க. அடியில ஒரு இழுப்பறை தானா திறக்கும். அதுக்குள்ள ஒரு பல்செட்டு. மேல் கடைவாய்ப்பல்லை அமுக்கினா வாய் திறக்கும். வாய்க்குள்ள இருக்கு சாவி! ராப்பகலா யோசிச்சு வெச்சது. மிதியடியாம்!"

தாம் செய்தது இன்னதென்று உணர்ந்த மருத்துவர், பல்லாண்டு காத்த விரதம் ஒரு நொடியில் முறிந்தவரைப் போல் தரையில் அமர்ந்தார். அம்மையார் அதற்குள் முள்ளைத் திருப்பிவிட்டார்.

"அட, நிஜமாவே வாய் திறக்குதுங்க!" என்று வியந்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு கணவரை அவர் மெச்சியது அப்போதுதான். மருத்துவரால் அதை அனுபவிக்க இயலவில்லை.

பூட்டுகள் திறந்தன. தலைவர் தரிசனம் தந்தார்; ஆனால் நிற்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வலப்புறம் ஓடினார். அங்கே பெயர்ப்பலகைகள் யாவும் அகற்றப்பட்டிருந்தமையால், எது கழிவறை என்று கண்டறிய அவருக்குச் சற்றுக் காலம் பிடித்தது. வழி கேட்டவரிடம் திறந்தவெளிக் கட்சியினர், "நீங்களே தேடிப் பாருங்க ஐயா, அதுல ஒரு சுகம் இருக்கு" என்று கூறியதாகவும், அவர் அதற்கு அளித்த மறுமொழி குறிப்பேட்டில் ஏற்றத்தக்கதன்று எனத் தவிர்க்கப்பட்டதாகவும் அறிகிறோம்.

திரும்பி வந்தபோது மணி ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. தலைவர் நாற்காலியில் அமர்ந்து மூச்சு வாங்கினார்.

"உங்களுக்கு எது வேணும்மா? பூட்டா, வெளியா?"

"எதுவானாலும் சரி ஐயா. கையெழுத்து இருந்தா போதும்."

இத்தகைய பக்குவ நிலையை அவர் தம் பணிக்காலத்தில் எத்தனையோ மனுதாரர்களிடம் கண்டவர். மனம் கனிந்து எழுதலானார்: 'இரு தரப்பு வாதங்களும் அனுபவபூர்வமாகப் பரிசீலிக்கப்பட்டன. மூன்றாம் பாகம், முதலாம் பாகத்தைப் போன்றும், இரண்டாம் பாகத்தைப் போன்றும், இவ்விரண்டையும் எவ்வகையிலும் ஒத்திராமலும் அமைய வேண்டும் எனக் கருத்துரைக்கப்படுகிறது.' கீழே கையொப்பமிட்டார். தங்கள் கட்சியே வென்றது என்று இரு கட்சியினரும் கைதட்டினர். வடிவமைப்பாளர் அதைப் படம் பிடித்து அனுப்பியபோது ஐந்தடிக்கச் சில நொடிகளே எஞ்சியிருந்தன. பிரிவு பிழைத்தது.

ஆனால் கருத்துரைக்கு இணங்க ஒரு விளையாட்டைச் செய்தாக வேண்டுமே! ஒரே சமயத்தில் பூட்டியதும் திறந்ததுமாய், எந்த விளையாட்டையும் ஒத்திராததாய் உள்ள இடம் எது? குழுவினர் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டனர். வடிவமைப்பாளரோ அத்தகைய இடத்தில் ஒரு முழு நாளைக் கழித்து வந்தவர். ஆகவே மூன்றாம் பாகத்தில் தீபம் இல்லை, பூதம் இல்லை. வீரன் ஓர் அலுவலகத்துள் நுழைகிறான். கூடம் முழுவதும் அவன் உலாவலாம்; எவரிடமும் எதையும் கேட்கலாம்; எவருக்கும் எதுவும் தெரியாது. கையொப்பமிட வேண்டியவர் மட்டும் பூட்டிய அறைக்குள் இருக்கிறார். எல்லாவற்றுக்கும் முன்பாக, வாசலில் ஒரு வரிசை. அதில் நின்றால்தான் உள்ளே போகலாம்.

கணினிக்கும் போனுக்குமாக வெளிவந்த அந்த விளையாட்டு, கடைகளில் கிடைக்காத அளவுக்கு விற்றது. வரிசையில் நிற்கும் பகுதி உயிரோட்டமாக உள்ளது என்று விமரிசகர்கள் உருகினர். அலுவலகங்களைச் சபித்துக்கொண்டே வீடு திரும்பியவர்கள், கைகால் கழுவிவிட்டு, காசு கொடுத்து வாங்கிய வரிசையில் போய் நின்றனர்.

ஆண்டு ஒன்று கழிந்தபின், வடிவமைப்பாளர் தம் புதிய வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் இணைப்புக் கேட்டு ஓர் அலுவலகத்துக்குச் சென்றார். மறுநாள் குடிபுக வேண்டும். அன்றே அனுமதி பெற்றாக வேண்டும். வரிசை தெரு வரை நீண்டிருந்தது. ஆனால் முணுமுணுப்பு இல்லை, முண்டியடிப்பு இல்லை. தியான மண்டபம் போன்ற அமைதி. எல்லார் கையிலும் போன். எல்லாரும் மூன்றாம் பாகத்து வரிசையில் நின்றுகொண்டிருந்தனர். கண்ணாடிக்கு அப்பால் இருந்த எழுத்தரும் அங்கேதான் நின்றார். அவருக்கு முன்னால் இன்னும் நிறையப் பேர் இருந்தனர் என்பது அவர் முகவாட்டத்தில் தெரிந்தது.

வெகுநேரத்துக்கு ஒரு முறை, கடமை உணர்வு தூண்ட, அவர் தலையை நிமிர்த்தி "அடுத்தது!" என்பார். ஒருவர் திடுக்கிட்டு நகர்வார். இவ்வாறு சாளரம் மூட ஐந்து நிமிடம் இருக்கும்போது வடிவமைப்பாளரின் முறை வந்தது.

"அடுத்தது!"

எவரும் நகரவில்லை.

"அடுத்தது யாருங்க?"

மறுமொழி இல்லை. எழுத்தர் நிம்மதியுடன் சாளரத்தைச் சாத்தினார்.

வடிவமைப்பாளரின் செவியில் அது விழவே இல்லை. நான்காம் பாகத்தில் வரிசை இன்னும் நீளமாக இருக்க வேண்டும் என்று கோரி ரசிகர்கள் எழுதியிருந்த விண்ணப்பத்தை அவர் போனில் படித்துக்கொண்டிருந்தார், உள்ளம் உருகி, கண் கசிந்து.