வாய்க்கால் கரை மார்மட்டும் நீ சொன்ன தோட்டாவும்

அன்புள்ள தம்பி லாமாருக்கு,

அக்கா நெல்டா எழுதுவது. இங்கே நானும் மாடுகளும் நாயும் உயிரோடு இருக்கிறோம். அரிசோனா வெயிலில் நீயும் காய்ந்து கருகாமல் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

சனிக்கிழமை காலை என் வாய்க்கால் கரையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் ஒருவரும் "நான் அங்கே இல்லவே இல்லை" என்று சொல்லக் கூடாது. நான் இருந்தேன். மாப்பிள்ளை டெவான், புதுத் துப்பாக்கியோடு. தண்ணீர் முறை பார்க்கிற ஆர்வல், அவருடைய பிக்கப் வண்டியோடு. பக்கத்துப் பண்ணை வெர்லா, காரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லியோடு. அவளை யாரும் கூப்பிடவில்லை. பக்கத்து மேய்ச்சலில் கன்றுகளோடு என் பசுக்கள். கரைக்குள்ளே வளை தோண்டிக் குடியிருக்கிற அந்தப் பெரிய தரையணில், மார்மட். நீ அங்கே இல்லை. ஆனால் நடந்த கூத்தில் பாதி உன்னுடையது.

அந்த மார்மட்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் அப்பா காலத்து மார்மட்டுகளுக்காவது கொஞ்சம் பயம் இருந்தது. இது கொழுத்த பூனை அளவுக்கு வளர்ந்து, கரையைக் குடைந்து, எதிரே எரிமலைப் பாறைமேல் உட்கார்ந்து என்னை மேற்பார்வை பார்க்கிறது. வளையை அடைத்தால் மறுநாள் பக்கத்தில் இன்னொன்று தோண்டுகிறது. பொறி வைத்தேன், ஆப்பிளைத் தின்றுவிட்டுப் பொறியின் மேலேயே படுத்து வெயில் காய்ந்தது. திங்கட்கிழமை வாய்க்காலில் தண்ணீர் விடுகிறார்கள். கரையில் ஓட்டை இருந்தால் ஆர்வல் என் மதகைத் திறக்க மாட்டாராம், என் முறை வெர்லாவுக்குப் போய்விடுமாம். முதல் தண்ணீர் போனால் குதிரைமசால் தீவனத்தின் முதல் அறுப்பும் போச்சு. பனிக்காலத்தில் மாடுகளுக்கு எதைப் போடுவேன்? உன் கடிதங்களைப் போடலாம் என்றால், நீ எழுதினால்தானே.

அதனால்தான் உனக்குப் போன் செய்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும். நீ என்ன சொன்னாய்? ஒரு வார்த்தை மறக்கவில்லை. "அக்கா, இருக்கறதிலேயே லேசான குண்டா வாங்கு. செம்பு உறை மெல்லிசா இருக்கணும். பட்ட இடத்துலயே தூள் தூளாப் போயிடும், பாறையில பட்டுத் திரும்பாது. உன் மாட்டுக்கு ஒரு ஆபத்தும் இல்ல." எந்தத் துப்பாக்கியில் போடப்போகிறோம் என்று ஒரு வார்த்தை கேட்டாயா? உனக்கு எதற்கு அந்தக் கவலை! பேச்சோடு பேச்சாக உன் கோல்ஃப் மட்டையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டாய்.

மாப்பிள்ளை நீ சொன்னதையே வாங்கி வந்தார். மணல் மூட்டையைப் போட்டு, படுத்து, மூச்சை அடக்கி, துப்பாக்கித் தொலைநோக்கியின் சிலுவைக் கோட்டில் குறி வைத்து ஒரு வெடி. மார்மட் திரும்பிப் பார்த்தது. இன்னொரு வெடி. அது எழுந்து நின்று நன்றாகப் பார்த்தது.

"காத்து இழுக்குது அத்தை" என்றார் மாப்பிள்ளை.

"என் தலைமுடி கூட ஆடல மாப்பிள்ளை, எந்தக் காத்து?"

"அப்ப தொலைநோக்கி நகந்திருக்கும்."

வெர்லா ஜெல்லிப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "பாவம், டெவான் அதைப் பயமுறுத்தத்தான் பாக்குறாரு போல" என்றாள்.

அப்போதுதான் ஆர்வல் பைனாகுலரை இறக்கிவிட்டு, "ஏப்பா டெவான், உன் குண்டு போய்ச் சேரவே இல்லப்பா. பாதி வழியில சாம்பல் கலர்ல புகை மாதிரி ஆயிடுது" என்றார். மாப்பிள்ளை துப்பாக்கிக் கடைக்குப் போன் போட்டார். கடைக்காரன் சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. புதுத் துப்பாக்கியின் குழலுக்குள் குண்டைச் சுழலவிடுகிற வரிகளின் முறுக்கு நெருக்கமாம். நீளமான, கனமான குண்டுக்கென்று செய்ததாம். மெல்லிய உறைக் குண்டை அதில் போட்டால், சுற்றுகிற வேகத்தில் ஆகாயத்திலேயே பிய்ந்துபோகுமாம். தூள் தூளாகப் போகும் என்று நீ சொன்னது பொய்யில்லை தம்பி. எங்கே போகும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டாய்.

மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது. வண்டியிலிருந்து வேறொரு பெட்டியை எடுத்தார். கனமான குண்டு, முழுக்கச் செம்பு உறை, குறி அட்டையைச் சுட்டுப் பழகுவதற்கு வைத்திருந்தது. "வேண்டாம் மாப்பிள்ளை, பின்னால பாறை இருக்கு" என்றேன். "கணக்குப் பண்ணிட்டேன் அத்தை" என்றார். கணக்குப் பண்ணினார். குண்டு மார்மட்டுக்கு ஒரு சாண் தள்ளிப் பாறையில் பட்டு, 'ஙொய்ங்' என்று பாடிக்கொண்டே திரும்பி வந்து ஆர்வலின் பிக்கப் பின்கதவில் நுழைந்தது. ஆள் அந்த நேரம் முன்பக்கம் நின்றதால் இந்தக் கடிதம் இரங்கல் கடிதமாகாமல் போயிற்று. பசுக்கள் வேலியை உடைத்துக்கொண்டு ஓடின. ஆர்வல் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நெல்டாம்மா, அந்த மார்மட்டையே நான் வேலைக்கு வச்சுக்கலாம்னு பாக்குறேன். இங்க நிதானமா இருக்கறது அது ஒண்ணுதான். திங்கக்கிழமை காலையில வருவேன். கரை கெட்டியா இல்லைன்னா தண்ணி வெர்லாவுக்கு."

வெர்லா பாத்திரத்தைத் திறந்தாள். எனக்கு ஒரு கரண்டி ஜெல்லி போட்டாள்.

இப்போது கேள். நீ சொன்ன குண்டுக்குப் பொருத்தமான துப்பாக்கி உலகத்தில் இல்லாமல் இல்லை. முறுக்கு தளர்ந்த அந்தப் பழைய துப்பாக்கி, என் வீட்டுக்காரருடையது, இந்த மாதிரிக் குண்டுகளை வாழ்நாள் முழுக்கச் சுட்டது. அது எங்கே? அவர் காரியம் முடிந்த அன்று, மிச்சமிருந்த ஹாம் துண்டோடு சேர்த்து உன் வண்டியில் ஏறியது. "ஞாபகார்த்தமா வச்சுக்கறேன் அக்கா" என்றாய். அங்கே அதால் எதைச் சுடுகிறாய், கள்ளிச்செடியையா? உன் அலமாரியில் இருக்கிற துப்பாக்கிக்குக் குண்டு சொன்னாய். என் கரையில் இருந்த துப்பாக்கிக்குச் சொல்லவில்லை. அதை உடனே திருப்பிக் கொண்டுவந்து சேர். அதுவரை என் வீட்டு வாசலை மிதிக்காதே. நவம்பரில் நன்றி அறிவிப்பு நாள் விருந்துக்கும்தான். உன் பங்கு வான்கோழியை நாய்க்குப் போட்டுக்கொள்கிறேன்.

உனக்கும் பிள்ளைகளுக்கும் கர்த்தர் நீண்ட ஆயுளும், உனக்கு மட்டும் கொஞ்சம் வெட்கமும் அருளட்டும்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்த ஒரே அக்கா,
நெல்டா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் திங்கட்கிழமை ஆகிவிட்டது. துப்பாக்கியை நீயே வைத்துக்கொள். நேற்று, ஓய்வுநாள் என்றும் பாராமல், தேவாலயத்திலிருந்து திரும்புகிற வழியில் வெர்லா வண்டியை நிறுத்தினாள். கோழிக்கூண்டுப் பக்கம் பாம்பு வந்தால் சுட வைத்திருக்கிற துருப்பிடித்த சின்னத் துப்பாக்கியோடு, பூப்போட்ட கவுனும் தொப்பியுமாக நடந்து கிட்டே போய், வேலிக்கம்பத்தில் சாய்ந்து ஒரே ஒரு வெடி. மார்மட் அப்படியே சரிந்தது. என்ன குண்டு போட்டாய் என்று கேட்டேன். "குண்டா? சமையக்கட்டு டிராயர்ல, பேட்டரிக்கும் ரப்பர் பேண்டுக்கும் நடுவுல கிடந்துச்சு. ஏன் நெல்டா, அதுல தினுசு வேற இருக்கா?" என்றாள். அதோடு விட்டாளா? தன் டிராக்டரைக் கொண்டுவந்து வளையை மூடி, கரையை மிதித்துக் கெட்டியாக்கிக் கொடுத்தாள். அவளுக்குப் போயிருக்க வேண்டிய தண்ணீர் இப்போது என் குதிரைமசாலுக்குள் ஓடுகிறது. ஆர்வல் பார்த்துக்கொண்டு நிற்க, நான் வாய் திறந்து அவளுக்கு நன்றி சொல்ல வேண்டியதாயிற்று. "பரவால்ல, உனக்கு வேற யாரு இருக்கா" என்று என் தோளைத் தட்டினாள்.

அதனால் நீ நவம்பரில் வா, வான்கோழி இருக்கும். மாப்பிள்ளையையும் மன்னித்தாயிற்று, கடைக்காரனையும் மன்னித்தாயிற்று. செத்துப்போன மார்மட்டின் மேல்கூட எனக்கு வருத்தமில்லை. கண்ணை மூடுகிற நாள்வரை நான் மன்னிக்கப்போகாதவள் ஒருத்திதான்: வெர்லா.