டொக்டரையும் ‘கொலேகா’ என்று கூப்பிட்டவர்

ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பாதி ஐரோப்பாவைச் சமாளித்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் கெல்சென்கிர்ச்சனில், ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் தொழிற்சாலை ஒன்றில், எனக்கு எதிரே நின்று வேலை செய்தார்.

யூரோ புதிதாகக் கைக்கு வந்த வருடம் நான் அங்கே சேர்ந்தேன். ஈரமான படுக்கை விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையிலும் பிடித்து, கொதிக்கிற உருளைக்குள் சுருக்கமில்லாமல் கொடுக்க வேண்டும். என் விரிப்பின் மறுமுனையில் ஒரு யாழ்ப்பாணத்து மனிதர் நின்றார். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு. வேலை உடுப்புக்குள்ளே டை கட்டியிருந்தார்.

“கொலேகா, மற்றக் கரையைப் பிடியுங்கோ.”

“என்ர பேர் வசந்தி, அண்ணை.”

“பேரை வீட்டில வச்சிட்டு வாங்கோ. இஞ்ச எல்லாரும் கொலேகாதான்.”

கூட வேலை செய்பவரை ஜெர்மன்காரர் ‘கொலேக’ என்பார்கள். பதினான்கு வருடம் ஜெர்மனியில் இருந்தும் அண்ணை கற்றுக்கொண்டது அதையும், காலை வணக்கத்தையும், நன்றியையும்தான். மிச்ச ஜெர்மனை அவர் தேவையில்லாத செலவாகக் கருதினார். காரணம் இருந்தது. போலந்துக்காரன் மாரெக்கிடம் கேட்டாராம். அவன் பாஷையில் ‘கொலேகா’. பொஸ்னியாக்காரி அம்ராவிடம் கேட்டாராம்; அங்கேயும் ‘கொலேகா’. ரஷ்ய மொழி பேசும் லொறிச் சாரதி ‘கல்யேகா’ என்றான். ஹங்கேரி, பல்கேரியா, ஒல்லாந்து எல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே அதேதான். புதிதாக ஒருவர் வேலைக்கு வந்தால் முதல் நாளே பிடித்துக் கேட்டு, சவர்க்காரப் பெட்டியின் மட்டையில் எழுதி, தன் அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைப்பார். துருக்கிக்காரன் ஹசன் மட்டும் ‘அர்க்கதாஷ்’ என்று சொல்லிவிட்டான். அண்ணை மூன்று நாள் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

“இவ்வளவு பேர் ஒழுங்காச் சொல்லேக்க, இவைக்கு மட்டும் என்ன வந்தது?”

“தமிழில என்ன அண்ணை?” என்று ஒருநாள் கேட்டேன். விரிப்பைப் பிடித்தபடியே யோசித்தார்.

“‘சக ஊழியர்’ எண்டு கடதாசியில எழுதலாம். ‘சக ஊழியர், இதைப் பிடியுங்கோ’ எண்டு சொல்லிப் பாருங்கோ. பெற்சீற் தானா நழுவி விழும்.”

அம்ரா போருக்கு முன்னர் ஊரில் பள்ளிக்கூட ஆசிரியை. பிள்ளைகளுக்கு இலத்தீன் படிப்பித்தவள். இங்கே தலையணை உறை மடித்தாள். ‘கொலேகா’ இலத்தீன் சொல், ஒன்றாகச் சேர்த்துத் தெரிவு செய்யப்பட்டவர்கள் என்று அர்த்தம் வரும் என்று அவள்தான் சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன். அண்ணை சுற்றிவரப் பார்த்தார். நீராவி, வியர்வை, இரத்தக்கறைத் துணி மூட்டைகள், நாங்கள்.

“எங்களை ஆர் தெரிவு செய்தது? வேலை பிடிச்சுத் தாற கந்தோரில இருந்தவள்தானே!”

அந்த வருடம் முழுக்க அம்ரா சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

தொழிற்சாலை முதலாளி ஒருமுறை வந்தார். எல்லோரும் விறைத்து நின்றோம். அண்ணை நேரே போய்க் கையை நீட்டி, “கூட்டன் மோர்கன், கொலேகா” என்றார். மேற்பார்வைக்காரி வெளிறிப் போனாள். நான் உமது கொலேக அல்ல என்று முதலாளி சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னதும் அண்ணை என்னிடம் திரும்பினார்.

“கேளுங்கோ, அப்ப இவர் இஞ்ச வேலை செய்யிறேல்லையோ?”

தங்களுக்கு நல்ல சுகம் வேண்டும் என்று வாழ்த்துகிறார் என நான் மொழிபெயர்த்தேன். முதலாளி மனம் குளிர்ந்து கை கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த மாரியில் அண்ணை இருமத் தொடங்கினார். அந்த நீராவியில் எல்லோரும்தான் இருமுவோம். ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. வசந்தம் வந்தும் இருமல் போகவில்லை. விரிப்பின் மறுமுனை தளர்ந்து தளர்ந்து வந்தது. நான்தான் நச்சரித்து நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுக்க வைத்து, அங்கே நேரம் குறித்துக் கொடுத்த நுரையீரல் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

“உள்ளுக்கு நானும் வரட்டோ அண்ணை? ஜெர்மனில சொல்லுவினம்.”

“தேவையில்லை. டொக்டரும் வேலை செய்யிற மனுசன்தானே. நான் கதைக்கிறன்.”

டையைச் சரிசெய்துகொண்டு போனார். இருபது நிமிடம் கழித்து முகம் மலர வெளியே வந்தார்.

“தங்கமான மனுசன்! எழும்பி நிண்டு கை தந்தவர். படத்தைக் காட்டிக் காட்டி எவ்வளவு நேரம் கதைச்சவர் தெரியுமோ? அவரும் என்னைக் கொலேகா எண்டுதான் சொன்னவர்.”

“என்ன சொன்னவர்?”

“ஒரு சொல்லும் விளங்கேல்லை. ஆனா சரியான மரியாதை.”

டொக்டர் தந்த கடிதத்தை என் கையில் கொடுத்தார். அதன் தலைப்பில்தான் அவருடைய பெயரை முதன்முதலாகப் பார்த்தேன். வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்ன பெயர் என்பதால் இங்கே எழுதவில்லை. கீழே வாசித்தேன். பிறகு இன்னொரு தரம் வாசித்தேன். அப்போதுதான் உறைத்தது: ஜெர்மனியில் டொக்டர்மார் தங்களுக்குள் ஒருவரையொருவர் ‘கொலேக’ என்றுதான் அழைப்பார்கள். டை கட்டிய மனிதர் உள்ளே வந்து அப்படிக் கூப்பிட்டதும், இவரும் ஒரு டொக்டர் என்று அவர் நினைத்துவிட்டார். ஒரு டொக்டருக்குச் சொல்வதுபோல, ஒன்றையும் மறைக்காமல், மருத்துவப் பாஷையில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

“என்னவாம்?” என்றார் அண்ணை.

அவரை இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே ஓடி, இவர் டொக்டர் இல்லை, என்னோடு துணி வெளுக்கிறவர் என்றேன். அந்த மனிதரின் முகம் காதுவரை சிவந்தது. அண்ணையை மறுபடி கூப்பிட்டு இருத்தி, சின்னச் சின்னச் சொல்லாக, மெல்ல மெல்லத் தொடங்கினார். நான் தமிழில் சொன்னேன். இரண்டு நுரையீரலும். பரவியிருக்கு. கான்சர். வெட்டி எடுக்க ஏலாது.

அண்ணை கொஞ்சநேரம் டையின் நுனியைத் தடவிக்கொண்டிருந்தார்.

“முதலும் இதைத்தானோ சொன்னவர்?”

“ஓம் அண்ணை.”

“நான் சிரிச்சுக்கொண்டெல்லோ இருந்தனான்.”

பிறகு எழுந்து டொக்டருக்குக் கை கொடுத்தார். டொக்டர் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

அண்ணைக்கு ஜெர்மனியில் சொந்தமென்று ஒருவரும் இல்லை. கனடாவில் ஒரு தங்கச்சி. கடைசியில் அவரைச் சேர்த்த ஆஸ்பத்திரியின் துணி எங்களிடம்தான் வெளுக்க வருவது. போன அன்றே விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். “இது எங்கட கை இல்லை. மூண்டாம் மிசின்காரற்றை வேலை. பாருங்கோ, எவ்வளவு சுருக்கம்.”

முதல் ஞாயிற்றுக்கிழமை மாரெக் எனக்குக் கைத்தொலைபேசியில் எடுத்தான். அவனும் அம்ராவும் இன்னும் நாலு பேரும் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறார்களாம். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று வரவேற்பில் கேட்கிறார்களாம். ‘கொலேகா’ என்றால் உள்ளே விடுகிறார்கள் இல்லையாம். அண்ணையின் பெயர் அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. நான் சொன்னேன். மாரெக் இரண்டு தரம் சொல்லிப் பார்த்து நாக்குச் சுளுக்கி, கடைசியில் தொலைபேசியை அப்படியே வரவேற்புப் பெண்ணிடம் கொடுத்துவிட்டான்.

பிறகு முறை வைத்துப் போனோம். முறையில்லாமல் போனவன் ஹசன்தான். வேலை முடிந்ததும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் நேரே போய், அண்ணைக்கு முகம் சவரம் செய்துவிடுவான். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் கிடையாது. அண்ணை தமிழில் குறை சொல்வார். ஹசன் துருக்கியில் அதட்டுவான். வேலை சுத்தமாக முடியும். டொக்டர்மார் பார்வையிட வரும் நேரத்துக்கு அண்ணை ஆஸ்பத்திரிச் சட்டைக்கு மேலே டையும் கட்டிக்கொள்வார்.

தை மாதத்தில் ஒரு நாள், மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. நான் கொண்டுபோன சூப்பில் இரண்டு கரண்டி குடித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். நித்திரை என்று நினைத்து என் பாட்டில் இருந்தேன்.

“இன்னும் போகேல்லையோ?” என்றார் கண்ணைத் திறக்காமல்.

“இருக்கிறன் அண்ணை. வீட்டில ஒரு வேலையும் இல்லை.”

“வெளியில பனி கொட்டுது. ட்ராம் வரப்போகுது, வெளிக்கிடுங்கோ.”

அண்ணை சொன்னால் சொன்னதுதான். கையுறையை மாட்டிக்கொண்டு ஓடினேன். வழுக்கி விழப் பார்த்து, எப்படியோ ட்ராமைப் பிடித்தும்விட்டேன். விடிந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசியில் எடுத்தார்கள், அண்ணை இரவே போய்விட்டாராம்.

அந்தப் பாதையில் பத்து நிமிடத்துக்கு ஒரு ட்ராம் வரும். நான் அடுத்ததில் போயிருக்கலாம்.