வழிவிடவும்

முப்பத்திரண்டு ஆண்டுகள் வாகன ஆய்வாளராக இருந்து, இடப்பக்கம் ஒழுங்காகப் போகத் தெரியாத ஆயிரக்கணக்கானோரை 'மறுபடி வா' என்று திருப்பி அனுப்பிய ஒருவர், மகளின் பிரசவத்துக்காக மனைவியோடு வெளிநாடு போனார். அங்கே எல்லோரும் வலப்பக்கம் போனார்கள். ஒரு நாட்டையே 'மறுபடி வா' என்று திருப்பி அனுப்ப அவருக்கு அதிகாரம் இல்லாததால் சும்மா இருந்தார்.

மருமகன் கப்பல் வேலையில் இருந்தார். நிறைமாத மகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வாடகைக் கார் வேண்டியிருந்தது. கார் கம்பெனி குமாஸ்தா ஒரு படிவத்தை நீட்டினார்.

“இந்த ஊர் சாலை விதி உங்களுக்குப் பழக்கமா?”

“இல்ல. ஆனா நான் யாருன்னா...”

“இல்லைன்னு எழுதினாப் போதும் சார்.”

எழுதினார். காரின் முன்னாலும் பின்னாலும் மஞ்சள் ஸ்டிக்கர் ஏறியது: 'ஓட்டுநர் புதியவர். வழிவிடவும்.'

“எனக்கேவா?”

“போக்குவரத்துத் துறை உத்தரவு சார். இதைப் பாத்தா மத்தவங்க வழிவிட்டே ஆகணும்.”

ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது. கியர் போடப் போன கை கதவில் இடித்தது. இண்டிகேட்டர் போட்டால் கொளுத்தும் வெயிலில் வைப்பர் ஆடியது. முதல் திருப்பத்திலேயே பழக்க தோஷத்தில் இடப்பக்கம் நுழைந்தார். எதிரே வந்த பஸ் நின்றது. டிரைவர் ஸ்டிக்கரைப் படித்தார். பணிவாகப் பின்னால் போனார்.

“வலப்பக்கம் வாங்க! வலப்பக்கம்!” மனைவி கண்ணை மூடிக்கொண்டு கத்தினார்.

“எதுக்கு? அவனே ஒதுங்கிட்டான். ஓட்டத் தெரிஞ்சவனைப் பாத்தா தானா மரியாதை வரும்.”

இதைப் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் கவனித்தார். மறுநாளே துறை அலுவலகத்துக்குப் போய் அதே படிவத்தை வாங்கி, 'பழக்கமில்லை' என்று மனசாட்சிப்படி எழுதினார். விண்ணப்பதாரரின் வாக்குமூலத்தைச் சந்தேகிக்க விதியில் இடமில்லாததால் ஸ்டிக்கர் வழங்கப்பட்டது. அடுத்து டாக்டரின் மனைவி, அப்புறம் தெரு முழுக்க. மூன்றே வாரத்தில், ஸ்டிக்கர் இல்லாத காரில் போவது சட்டை போடாமல் போவது போல் ஆனது. தையல்காரர் ஒருவர் அதே மஞ்சளில் சீட் உறை தைத்துக் கொடுத்தார்.

ஒரு காலை மகளுக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரி கண்ணுக்குத் தெரியும் நாற்சந்தியில் கார் நின்றுவிட்டது. நாலு பக்கமும் மஞ்சள் ஸ்டிக்கர்கள். எல்லோரும் சட்டப்படி, மற்றவர் வழிவிடக் காத்திருந்தார்கள்.

“அப்பா, தாங்க முடியலப்பா.”

“யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுத்தாத்தான் நகரும்” என்று அவர் இறங்கி, தன் ஸ்டிக்கர்கள் இரண்டையும் கிழித்தார்.

போக்குவரத்துப் போலீஸ்காரர் சிரித்த முகத்தோடு ஓடி வந்தார். “அப்பாடா! உள்ளூர்க்காரர் நீங்க ஒருத்தராவது கிடைச்சீங்களே! ஓரமா நில்லுங்க. இவங்கள்லாம் போகட்டும்.”

“ஐயா, நான்தான் வெளிநாட்டுக்காரன்! இவங்கள்லாம் இங்கேயே பிறந்து வளர்ந்தவங்க!”

“ஸ்டிக்கர் எங்கே?”

“இப்பத்தான் கிழிச்சேன்.”

“அப்போ பழகிட்டீங்க.”

மகள் கதவைத் திறந்தாள். அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, கார்களுக்கு நடுவே நின்று நின்று நடந்தாள். கடைசி வண்டி கடந்துபோகும் வரை அவர் ஓரமாகவே நிற்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது பேத்தி பிறந்து, குளித்து, துணிக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“வலியோட பொண்ணு நடந்து போறா. அந்தப் போலீஸ்காரரை நாக்கைப் பிடுங்குற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா?” என்றார் மனைவி.

அவர் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னன்னு கேக்கறது? அவரோட இடத்துல நான் நின்னிருந்தாலும் அதையேதானே சொல்லியிருப்பேன்.”