லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர்?

ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனிதனுக்கு வருகிற ஆசைகள் பொதுவாக வைத்தியரிடம் போய்த்தான் முடியும். உடப்பு என்ற கடலோர ஊரில் கரைவலை முதலாளியான சம்மாட்டி தம்பிமுத்துவுக்கு வந்த ஆசையோ சிலாபத்திலிருந்த ஓர் அரசாங்கப் பணியகத்தில் போய் முடிந்தது. அதற்கு அவர் வைத்தியரிடமே போயிருக்கலாம்.

ஆசை வேறொன்றுமில்லை, ஒரு ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம், இரண்டே இரண்டு சீற், தரையோடு படுத்துக் கிடக்கிற உடம்பு. அந்தக் காரின் எஞ்சின் உறுமுகிற சத்தத்தை ஃபோனில் போட்டுக் கேட்டுக் கேட்டு, வலை கரைக்கு வந்ததைக்கூடக் கவனிக்காமல் நின்றவர் அவர். தன் காலால் ஒரு முறை, ஒரேயொரு முறை, அக்சிலேற்றரை மிதித்து அந்தச் சத்தத்தைத் தானே எழுப்ப வேண்டும். வலையும் வள்ளமும் வைத்திருக்கிற மனுசன் இதைக்கூட ஆசைப்படக் கூடாதா, சொல்லுங்கள்!

ஆனால் வீட்டுக் காசு மனைவி யோகாம்பாளின் கையில் இருந்தது. அந்தக் கையைத் திறப்பது லேசுப்பட்ட வேலையல்ல.

"லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்?" என்று கேட்டாள் அவள்.

"அது நாம ஓட்டுற விதத்தைப் பொறுத்தது, யோகம்."

"நல்லா ஓட்டினா?"

"ஏழு."

"மோசமா ஓட்டினா?"

"அஞ்சு."

"நம்மட திரீவீல் இருபத்தஞ்சு ஓடுது. அதுக்குப் பின் சீற்றும் இருக்கு. இதில பின் சீற் எங்க?"

"அந்த இடத்திலதான் எஞ்சினை வச்சிருக்கான்."

"அப்ப மீன் பெட்டியை எங்க வைக்கிறது? என்ட மடியிலயா?"

அதன்பின் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு தம்பிமுத்து திரிந்ததில் வீட்டில் சோறு இறங்கவில்லை. கடைசியில் யோகாம்பாள் ஒரு தீர்ப்புச் சொன்னாள்.

"இந்தக் காரோட ஓட்டச் செலவு திரீவீலை விடக் கூட இல்லை என்டு அரசாங்கம் எழுதித் தரட்டும். தந்தா அந்த நிமிசமே காசு தாறன். தராட்டி, கார் வாற லொறியிலேயே திரும்பிப் போகும்."

அரசாங்கத்தில் அவளுக்கு அப்படியொரு நம்பிக்கையா என்று கேட்கக் கூடாது. அரசாங்கம் எதையும் லேசில் எழுதித் தராது என்பதில்தான் அவளுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

கொழும்பு வியாபாரி றஸீன் காரை ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து கடற்கரையில் வலைக்காரர் தங்கும் வாடிக்குப் பக்கத்தில் இறக்கினான். "சனிக்கிழமை வருவன். ஒன்டு காசைத் தாங்க, இல்லாட்டி காரைத் தாங்க" என்றான். எரிபொருள் செலவைப் பற்றி யோகாம்பாள் அவனையும் விடவில்லை. "அக்கா, இந்தக் காரை வாங்குற ஆக்கள் அதக் கேக்கிறல்ல" என்றான் அவன். "அதனாலதான் வித்துப்போட்டுப் போறாங்க" என்றாள் அவள்.

மறுநாள் தம்பிமுத்து வெள்ளைச் சேட்டும் போட்டுக்கொண்டு சிலாபத்துக்கு பஸ் ஏறினார். எரிபொருள் சிக்கன அத்தாட்சிப் பணியகம் அங்கேதான் இருந்தது. நாட்டு மக்கள் பெற்றோல் வரிசையில் படுத்துறங்கிய காலத்தில், அவர்களுக்கு உடனடி நிவாரணம் அளிக்கும் பொருட்டு அமைக்கத் தீர்மானிக்கப்பட்டு, வரிசையெல்லாம் முடிந்து சனங்கள் வீட்டுக்குப் போனபின் மங்கள விளக்கேற்றித் திறந்து வைக்கப்பட்ட பணியகம் அது. உதவிப் பணிப்பாளர் பரமநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். யுத்த காலத்தில் புத்தளம் பக்கம் வந்து இங்கேயே தங்கிவிட்டவர். தங்கமான மனிதர். சட்டத்துக்கு வெளியே ஒரு தும்மல்கூடத் தும்ம மாட்டார்.

"வாகனத்தின்ர ஓட்டச் செலவை அறிய வேணுமெண்டால், முதலில வாகனத்தை ஓட்டிப் பாக்க வேணும்" என்றார் பரமநாதன்.

"ஓம் ஐயா, இப்பவே ஓட்டுவம்!"

"ஓட்டேலாது. எங்கட அத்தாட்சி இல்லாமல் புது வாகனத்தின்ர எஞ்சினை இயக்கிறது குற்றம்."

"அப்ப அத்தாட்சியைத் தாங்க ஐயா."

"ஓட்டிப் பாக்காமல் எப்பிடித் தாறது? நான் ஒரு பொறுப்பான உத்தியோகத்தன்."

தம்பிமுத்து நெற்றியைத் தடவினார். "இதுக்கு முந்தி வந்த ஆக்கள் என்ன செஞ்சாங்க?"

பரமநாதனின் முகம் மலர்ந்தது. "ஒருத்தரும் வரேல்ல. பணியகம் திறந்த பிறகு அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான். இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

முதல் ஆள் என்பதால் பணியகமும் அவரை வெறுங்கையோடு அனுப்ப விரும்பவில்லை. தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் ஒரு வழியும் பிறந்தது. எஞ்சினை இயக்கக் கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறதே தவிர, வாகனம் நகரக் கூடாது என்று எங்கும் சொல்லவில்லை. ஆகவே எஞ்சினை இயக்காமல் வாகனம் உடப்பிலிருந்து பக்கத்து ஊரான ஆண்டிமுனை வரை போய்த் திரும்பி வருமானால், அதை ஓட்டமாக ஏற்றுக்கொள்வதில் பணியகத்துக்கு ஆட்சேபனை இல்லை.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் அந்த இடத்திலேயே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தம்பிமுத்து உடப்பான். கடலுக்குள் கிடக்கிற வலையை, மீனும் கல்லும் சேறுமாகக் கயிறு போட்டுக் கரைக்கு இழுக்கிற ஊர் அது. ஒரு காரை இழுப்பதா பெரிய காரியம்?

வெள்ளிக்கிழமை காலை காரின் மூக்கில் கரைவலைக் கயிறு கட்டப்பட்டது. வலைக்காரர் அத்தனை பேரும் வந்தார்கள். தேங்காய் வியாபாரி இன்னாசித்தம்பி வந்தார். கனமூலையிலிருந்து குளிர் லொறியில் மீன் ஏற்ற வந்த நெய்னார் நானாவும் லொறியை நிறுத்திவிட்டு வந்து கயிற்றில் கை வைத்தார். ஏனென்றால் கரைவலையில் ஒரு வழக்கம் உண்டு. கயிற்றில் கை வைத்தவன் எந்த ஊரானாக இருந்தாலும், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், வெறுங்கையோடு வீட்டுக்குப் போகக் கூடாது. அவனுக்கும் கறிக்கு மீன் உண்டு.

ஸ்ரேறிங்கை யார் பிடிப்பது என்ற கேள்வி வந்தது. பரிசோதனைக்குரிய பொருளைப் பரிசோதகர் தவிர வேறெவரும் தொடலாகாது என்று சொல்லி, பரமநாதனே உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டார். தம்பிமுத்து தலைக்கயிற்றைத் தோளில் போட்டு அம்பா என்கிற இழுவைப் பாட்டைப் பாடினார். சம்மாட்டி குரல் கொடுக்காமல் கயிறு நகராதே! கார் பூப்போல நகர்ந்தது. யோகாம்பாள் திரீவீலில் பின்னாலேயே வந்து, எஞ்சின் களவாக ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆண்டிமுனைக்குப் போய்த் திரும்பி வந்ததும் பரமநாதன் கல்குலேற்றரை எடுத்தார். ஓடிய தூரத்தைச் செலவான பெற்றோலால் வகுக்க வேண்டும். செலவான பெற்றோல் பூச்சியம். கல்குலேற்றர் பிழை என்று காட்டியது. மறுபடி தட்டினார். மறுபடியும் பிழை. பணியகத்தில் எந்தக் கணக்குப் போட்டாலும் அது அப்படித்தான் காட்டும் என்பதால் அவர் அதைப் பெரிதாக எடுக்காமல், "அளவிலடங்காச் சிக்கனம்" என்று எழுதி முத்திரை குத்தினார்.

யோகாம்பாள் முத்திரையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். சொன்ன சொல் தவறாதவள். சனிக்கிழமை றஸீனின் கையில் காசு விழுந்தது, தம்பிமுத்துவின் கையில் சாவி விழுந்தது. அவர் காரின் கதவைத் திறந்து, வலது காலை உள்ளே வைத்து...

"நில்லுங்கோ!" என்று கத்தினார், சாவி கைமாறுவதைப் பார்க்க வந்திருந்த பரமநாதன். "என்ன செய்யப் போறியள்?"

"ஸ்ரார்ட் பண்ணப் போறன்."

"ஐயோ, அது சரிவராது. பரிசோதிச்ச முறையிலதான் வாகனம் ஓட வேணும். எஞ்சினை இயக்கினால் அத்தாட்சி அந்தக் கணமே ரத்து."

"ரத்தானா சாவி என்ட அலுமாரிக்குள்ள" என்றாள் யோகாம்பாள்.

தம்பிமுத்து காலை வெளியே எடுத்தார். பார்த்தால், காரைச் சுற்றி ஊரே நின்றது. எல்லார் கையிலும் பை.

"பங்கு, சம்மாட்டி?" என்றார் இன்னாசித்தம்பி.

"என்ன பங்கு? காருக்குள்ள மீனா கிடக்கு?"

"மீன் இல்லைதான். ஆனா கயிற்றில கை வச்சோமே!"

நியாயம் நியாயம்தானே. வழக்கத்தை மீறினால் நாளைக்கு வலைக்கு ஒருத்தரும் வர மாட்டார்கள். கடைசியில், காருக்குள் என்ன இருக்கிறதோ அதையே பங்கு போடுவது என்று முடிவாயிற்று. உள்ளே இருந்தது இரண்டு சீற். ஆகவே கயிறு இழுத்த ஒவ்வொருவருக்கும் முறை வைத்து ஒரு சவாரி. ஒருவர் ஏற மற்றவர்கள் இழுப்பது, பிறகு அவர் இறங்கி இழுக்க இன்னொருவர் ஏறுவது.

அதன்பின் உடப்பில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. நெய்னார் நானா கண்ணாடியை இறக்கிவிட்டு, ஓர் அமைச்சருக்குரிய தோரணையில் கையசைத்துக்கொண்டு போனார். ஆசிரியை லோஜினி கலியாணத்துக்கு அந்தக் காரில்தான் போனாள். மாப்பிள்ளையும் பாதி வழிக்குக் கயிறு இழுத்தார். கோயிலுக்குப் போவது, சந்தைக்குப் போவது, பல்லுப் பிடுங்கப் போவது எல்லாம் ஸ்போர்ட்ஸ் காரில். நடந்து போனால் சீக்கிரம் போகலாம்தான். ஆனால் நடந்து போகிறவனை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? ஊர் முழுக்கச் சந்தோசம். பெற்றோல் செட்காரர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

தம்பிமுத்துவுக்கு மாத்திரம் ஒரு நாளும் முறை வரவில்லை. அவர் ஏறி உட்கார்ந்தால் தலைக்கயிற்றில் யார் நின்று குரல் கொடுப்பது? தன் காரை அவர் முதுகால்தான் பார்த்தார்.

பரமநாதனின் அறிக்கை மேலே மேலே ஏறிக் கடைசியில் பணிப்பாளர் நாயகத்தின் மேசைக்குப் போனது. தேசத்துக்கே முன்மாதிரியான இக்காரை நேரில் பார்வையிட அவர் உடப்புக்கு எழுந்தருளினார். பெரிய ஜீப்பில் வந்தவர் இறங்கி காருக்குள் ஏறிக்கொண்டார். அவருடைய ஜீப், எஞ்சின் ஓட ஓட, சாரதியோடு மட்டும் பின்னால் ஊர்ந்து வந்தது. அதிகாரி ஏறாத வாகனத்தின் ஓட்டம் உத்தியோகபூர்வமான ஓட்டமல்ல என்பது ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்ட விடயம்.

"அவர் கயிற்றில கை வைக்கவே இல்லையே?" என்றாள் யோகாம்பாள்.

"அவர் கை வைக்காத இடம் வேற இல்லை அம்மா. இது ஒண்டுதான் மிச்சம்" என்றார் பரமநாதன் மெதுவாக.

நடு வழியில் வெயில் ஏறியது. பணிப்பாளர் நாயகம் கழுத்தைத் துடைத்தார். "ஏசியைப் போடும்" என்றார்.

பக்கத்தில் ஸ்ரேறிங் பிடித்திருந்த பரமநாதனுக்கு வியர்த்தது. "சேர், ஏசி போடுறதெண்டால் எஞ்சினை இயக்க வேணும். அத்தாட்சி..."

"ஓட்டம் வேறு, குளிர் வேறு. குளிருக்காகச் செலவாகும் எரிபொருள் ஓட்டச் செலவில் சேராது. சுற்றறிக்கை பிறகு வரும். போடும்."

பரமநாதன் சாவியைத் திருப்பினார். குளிர் போதவில்லை என்று பணிப்பாளர் நாயகம் சொல்ல, அக்சிலேற்றரையும் ஒரு மிதி மிதித்தார்.

அந்தச் சத்தம்! தம்பிமுத்துவின் முதுகுக்குப் பின்னாலிருந்து எழும்பி, பனைகளில் மோதி, கடல் பக்கம் போய்த் திரும்பி வந்தது. ஃபோனில் கேட்டதெல்லாம் ஒரு சத்தமா! அவருக்கு மயிர்க் கூச்செறிந்தது, கண் கலங்கியது. அடுத்த நொடியே வயிறு எரிந்தது. என்ட கார், என்ட காசு, வேறொருத்தன் காலா மிதிக்கிறது? தோளிலிருந்த கயிற்றை இறக்கினார். கயிறு தொய்ந்தது. காரும் நின்றது.

"ஏன் நிண்டது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

தம்பிமுத்து பின்னால் நின்ற நெய்னாரிடம் திரும்பினார். "நானா, போதும். எல்லாரும் கயிற்றை விட்டிடுவம். நான் போய் கதவைத் திறக்கிறன்."

நெய்னாருக்குத் தூக்கி வாரிப்போட்டது. "விடுறதா? உங்களுக்குப் பைத்தியமா சம்மாட்டி? நானும் ஒரு காருக்குச் சொல்லி வச்சிரிக்கன். சிலாபத்துல விண்ணப்பமும் குடுத்தாச்சி."

"நானும் ஒரு வான் பாத்திருக்கிறன்" என்றார் அவருக்குப் பின்னால் நின்ற இன்னாசித்தம்பி.

"எனக்கு ஜீப்" என்று அதற்கும் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அப்படியே கயிறு நெடுகக் குரல்கள் எழும்பின. கார், கார், லொறி, கார். பக்கத்தில் வந்துகொண்டிருந்த யோகாம்பாளை அவர் ஆதரவுக்குப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதீங்க. திரீவீலுக்கு நானும் விண்ணப்பம் போட்டிருக்கிறன். இருபத்தஞ்சு ஓடி என்ன, பெற்றோல் போகுதே" என்றாள் அவள்.

நெய்னார் கீழே கிடந்த தலைக்கயிற்றைக் குனிந்து எடுத்து, மிக மரியாதையாகத் தம்பிமுத்துவின் தோளில் போட்டுவிட்டார்.

"இழுங்க சம்மாட்டி. நீங்களே விட்டா, நாளைக்கு எங்கட வாகனத்தையெல்லாம் ஆரு இழுக்கிற?"